ஒரு களிக்கு மூன்று பெயர்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகச் சொல்கிறது. கிழக்கையும் மேற்கையும் சொல்வதில்லை. அவ்விரு பக்கமும் கடலே எல்லையாதலின் சொல்ல வேண்டியதில்லை என்று உரையாசிரியர்கள் அமைதி கூறினார்கள். இந்தப் பகுதியை முதலாமாண்டு மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் என் பார்வை வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. ஓசூரின் மேற்கில் கடல் இல்லை. சற்றுத் தொலைவில் அத்திப்பள்ளி. அங்கிருந்தே கர்நாடகம், ஆனேக்கல், பெங்களூர். எங்கள் ஊரில் எல்லை என்பது கடலைப் போலத் திட்டமாகக் கண்ணில் படுகிற ஒன்று அல்ல. அது ஒரு பேருந்து நிறுத்தம். கடைப் பலகையின் எழுத்து மாறுகிற இடம். சில வீடுகளில், அடுப்படிக்கும் கூடத்திற்கும் நடுவே உள்ள வாசற்படி.

கல்லூரி ஆசிரியர்கள் கூடும் பயிலரங்குகளில் ஒரு கேள்வியை அடிக்கடி எதிர்கொள்ள நேர்கிறது. தஞ்சாவூர்க்காரருக்குக் கலைத்தட்டும் வீணையும் இருக்கின்றன. காரைக்குடிக்காரருக்குக் கொட்டானும் கண்டாங்கியும் இருக்கின்றன. நெல்லைக்காரருக்கு அல்வாவும் பத்தமடைப் பாயும் இருக்கின்றன. "உங்க ஊருக்குன்னு என்ன சார் இருக்கு? கம்பெனியும் குளிரும்தானே?" கேட்பவரிடம் இளக்காரம் ஒன்றுமில்லை. ஓசூர் என்றால் சிப்காட், சிப்காட் என்றால் ஓசூர். 1970களில் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் நாட்டுச் சாலைகளில் இறங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே அசோக் லேலண்டு வண்டிகளும் டைட்டன் கைக்கடிகாரங்களும் இங்கே உருவாகத் தொடங்கின. 2021இல் போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. அந்தப் போச்சம்பள்ளியை நாங்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் அறிவோம் என்பது வெளியூர்க்காரர் அறிய நியாயமில்லை.

ஸ்பெயினில் தொலேடோ என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. கிறித்துவர், இசுலாமியர், யூதர் என மூன்று பண்பாடுகளின் நகரம் என்று அதைச் சொல்வார்கள். வாள் வார்க்கும் எஃகு, கருத்த உலோகத்தில் பொன்னிழை பதிக்கும் கைவேலை, வாதுமைப் பருப்பை அரைத்துச் சர்க்கரை சேர்த்துச் செய்யும் மார்சிபான் என்னும் இனிப்பு ஆகியவை அந்நகரத்தின் பெருமைகள். 1561இல் அரசவை மத்ரிதுக்கு இடம்பெயர்ந்த பிறகு, பெருநகரத்தின் நிழலில் ஒதுங்கிய ஊர் அது. 1986இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்நகரத்தைப் பற்றி வாசிக்கையில் எனக்கு ஒன்று தோன்றியது. மூன்று பண்பாடு என்பதை அவர்கள் கோட்டை வாசலிலேயே எழுதி வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். நாங்கள் மூன்று மொழிகளை ஒரே சட்டியில் கிண்டி உண்டுவிட்டு, எங்களுக்கென்று ஒன்றுமில்லை என்கிறோம்.

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. ஹொச ஊரு, ஹொசூரு, நம் நாவில் ஓசூர். தெலுங்கில் 'கொத்த' என்றால் புதிய, ஆகவே கொத்தூர். தமிழில் புதூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பேருந்தில் ஒரு நாள் சுற்றினால் இம்மூன்று வகைப் பெயர்களையும் பலகைகளில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கூட்டமும் ஒரு காலத்தில் வந்து, காட்டைத் திருத்தி, தன் மொழியில் 'புது ஊர்' என்று பெயர் வைத்திருக்கிறது. அப்படியானால் யார் பழையவர், யார் வந்தேறி என்ற கேள்விக்கு இந்த மண்ணில் பொருளே இல்லை. 'ஹள்ளி' என்பது இங்கே 'பள்ளி' ஆகியிருக்கிறது. கன்னடத்தில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் ஹகரமாகத் திரிவது மொழியியல் மாணவருக்குத் தெரிந்த செய்தி: பால் ஹாலு ஆகும், பல் ஹல்லு ஆகும். பாடநூலில் விதியாகக் கிடக்கும் இந்தத் திரிபு எங்கள் ஊரில் உழவர் சந்தையில் நடமாடுகிறது.

அரசியல் வரலாறும் இந்தக் கலப்பையே சொல்கிறது. சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிசோழ மண்டலத்தில் அடங்கியது. போசள அரசன் வீர ராமநாதன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓசூருக்கு அருகிலுள்ள குந்தாணியிலிருந்து ஆண்டான். பின்பு மைசூர் அரசு. 1792 உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று; திப்பு வீழ்ந்த 1799இல் ஓசூர்ப் பக்கத்து மேட்டுநிலமும் போயிற்று. சேலம், தருமபுரி (1965), கிருஷ்ணகிரி (2004) என்று மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, பெங்களூரில் கல்லூரிக் கல்வி பெற்று, சேலத்தில் வழக்கறிஞராகி, சென்னையில் முதலமைச்சரானார். எல்லை ஊரில் பிறந்தவருக்கு எல்லாத் திசையிலும் வழி உண்டு போலும்.

இனிக் களிக்கு வருகிறேன்.

கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டிக் கிண்டுவது களி என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்படிக் கிண்டினால் கட்டி தட்டிப்போகும். முதலில் ஒரு பிடி மாவை நீரில் கரைத்து விட்டுக் கொதிக்கவிட வேண்டும். பிறகு மீதி மாவைக் குவியலாக நடுவில் கொட்டி, கிளறாமல், கோலால் குத்தி ஒரு துளை போட்டு, மூடி வேகவிட வேண்டும். மாவு வெந்ததை வாசனை சொல்லும். அதன் பிறகுதான் சட்டியை இறக்கி, காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கோலால் சுழற்றிக் கிண்டுவது. கிழக்கே கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் போனால் முதலில் அரிசி நொய்யை வேகவைத்து அதில் மாவைக் கொட்டுவார்கள். ஓசூர், தளிப் பக்கம் நொய் இல்லாமல் மாவு மட்டும். கிழக்கே களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்று தின்பவரைப் பார்த்தால் வெளியூர் என்று தெரிந்துகொள்வோம்.

களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளுச்சாறு, கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் அரசி அவரைதான். பனி இறங்கும் காலத்தில் காய்க்கும் இந்த அவரைக்கு ஒரு மணம் இருக்கிறது. கன்னடத்தில் அதைச் 'சொகடு' என்பார்கள். காயை உரித்த விரல்களில் அந்த மணம் நெடுநேரம் நிற்கும். உரித்த கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக விரலிடையில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்க, பருப்பு துள்ளி வெளியே விழும். தமிழில் பிதுக்குப் பருப்பு. தெலுங்கில் பிதிகின பப்பு. கன்னடத்தில் ஹிதகித பேளெ. நான் மேலே சொன்ன பகர ஹகரத் திரிபுக்கு இதைவிட ருசியான எடுத்துக்காட்டு எந்த இலக்கண நூலிலும் இல்லை. மூன்று மொழிக்காரர்களும் செய்வது ஒரே வேலை. விரல் அழுத்துவது ஒரே இடத்தில். சொல்லின் வேரும் ஒன்றே.

யுகாதிக்கு ஒப்பட்டு. பருப்பை வேகவைத்த நீரை வீணாக்காமல் அதிலேயே புளியும் மிளகாயும் கூட்டி ஒரு சாறு வைப்பார்கள். ஒப்பட்டைவிட அந்தச் சாற்றுக்காகக் காத்திருப்பவர்களை நான் அறிவேன். மறுநாள் 'ஹொசதொடகு'. அன்று இறைச்சிக் கடைகளின் முன்னே விடியுமுன்பே வரிசை நிற்கும். கோடையில் மாங்காய் வந்துவிடும். வெளிநாட்டுக்குக் கூழாகப் போவதில் பெரும்பகுதி கிளிமூக்கு மாங்காய். அதற்கு எங்கள் மாவட்டத்தில் வழங்கும் பெயர் பெங்களூரா, வடக்கே தோத்தாபுரி. பெங்களூர் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு கிருஷ்ணகிரித் தோப்பில் காய்க்கிற அந்தக் காயை எல்லைப்புறத்தின் சின்னமாகவே வைத்துவிடலாம்.

கைவினை என்று கேட்பவருக்கு நான் காட்ட விரும்புவது சந்திரிகை. இதற்குக் கண்காட்சியில் இடம் கிடைக்காது. வரவேற்பறையில் மாட்டவும் முடியாது. மூங்கில் பாயின்மேல், இரண்டு விரல் உயரமுள்ள மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிறுத்திக் கட்டியது. பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ நான்கு வாரம் மல்பெரி இலை தின்று முதிர்ந்ததும், அதன் உடல் ஒளி ஊடுருவும்படியாக மினுமினுக்கும். அந்தப் பதத்தைக் கண்ணால் கண்டு கையால் பொறுக்கிச் சந்திரிகையில் விடுவார்கள். ஒரு தட்டில் ஆயிரம் புழுக்கள் வரை இடம் பிடிக்கும். சுருளின் இடுக்கில் ஒண்டிக்கொண்டு இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிவிடும். நல்ல வெண்கூட்டிலிருந்து உரியும் இழை ஒரு கிலோமீட்டர் நீளம் இருக்கும். கூடுகளை மூட்டை கட்டி ராம்நகரச் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. காஞ்சிப் பட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் தறியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தறிக்கு முன்னால் நூல் இருக்கிறது. நூலுக்கு முன்னால் கூடு. கூட்டுக்கு முன்னால் இந்த மூங்கில் சுருள்.

ஓசூரில் நடுவண் பட்டு வாரியத்தின் பட்டுப்புழு மரபுவள மையம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான பட்டுப்புழு இனங்களை அங்கே தலைமுறை தலைமுறையாக அழியாமல் வளர்த்துக் காக்கிறார்கள். புழுவின் மரபுக்குக் காப்பகம் உண்டு. சந்திரிகை முடைகிறவரின் கைப்பதத்துக்கு அப்படி ஒன்று இல்லை. நெகிழித் தட்டுகள் வந்துவிட்டன. கழுவ எளிது, மடக்கி வைக்கலாம், நோய்க் கிருமி தங்காது. வளர்ப்பவர் அதை வாங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தளிப் பக்கத்து மாணவி ஒருத்தியின் பாட்டி இன்னும் சந்திரிகை முடைகிறார். ஒரு விடுமுறை நாளில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மூங்கிலைப் பிளக்கும்போது கணு எந்தப் பக்கம் விலகும் என்பதைக் கத்தி வைக்குமுன்பே சொன்னார். "இப்ப யாரு வாங்குறாங்க பாட்டி?" என்று கேட்டதற்கு, "வாங்கறப்ப வாங்கட்டும். கை சும்மா இருந்தா உறஞ்சு போயிடும்" என்றார். இதைத் தெலுங்கில்தான் சொன்னார். பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். எனக்கும் தெலுங்கு புரியும் என்று நான் சொல்லவில்லை. அவள் மொழிபெயர்க்கும் அழகைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மல்லச்சந்திரம் குன்றில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. சிலவற்றின் உட்புறத்தில் வெண்ணிற ஓவியங்கள் உள்ளன. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. 2025 சனவரியில் வெளிவந்த அறிக்கை சிவகளை இரும்பை அதற்கும் முந்தியது என்று சொல்கிறது. முந்தியது எது என்ற போட்டி எனக்கு முக்கியமில்லை. உலோகம் உருக்கும் வேலை சிப்காட்டோடு வந்ததல்ல என்பது போதும். நடுகற்கள் ஏராளம். ஆநிரை கவர்தலும் மீட்டலும் புறத்திணையில் வெட்சி, கரந்தை என்று பாடமாக இருக்கின்றன; இங்கே அவை வயல் வரப்பில் நிற்கின்றன. வில்லேந்திய வீரன், பின்னால் மாடுகள், மேலே அவனை அழைத்துச் செல்லும் வானுலகப் பெண்கள். எழுத்து சிலவற்றில் தமிழ், சிலவற்றில் கன்னடம். வீரன் எந்த மொழிக்காரன் என்று பார்த்து ஊரார் பொங்கல் வைப்பதில்லை.

அந்த மாட்டு நினைவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பொங்கலை ஒட்டி ஊர் ஊராக எருது விடுவார்கள். கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய எருதுகளைக் கூட்டத்தினூடே ஓடவிட, இளைஞர்கள் தட்டியைப் பறிக்கப் பாய்வார்கள். 2023 பிப்ரவரி 2 அன்று கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் மக்கள் கிருஷ்ணகிரி பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். கல்வீச்சும் தடியடியும் நடந்தன. செய்திகளில் அதைக் கலவரம் என்றார்கள். கல்லெறிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. சரக்கு வண்டிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் ஓடும் அந்தச் சாலை எந்த ஊர்களின் நடுவே போகிறது என்பதை அன்று பலர் முதல் முறையாக அறிந்துகொண்டார்கள்.

என் கவலை எருதைப் பற்றியதல்ல. அதற்குக் கூட்டம் இருக்கிறது. என் கவலை சொற்களைப் பற்றியது.

எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். என் வீட்டிலும் தெலுங்குதான். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பின் பள்ளிக்குப் போன தலைமுறை இது. பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறார்கள். சிலர் கவிதையும் எழுதுகிறார்கள். தமிழாசிரியனுக்கு இதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் வீட்டில் பேசும் மொழியில் அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. பாட்டி காலத்தில் தெலுங்குப் பள்ளி இருந்தது. பாட்டிக்கு எழுத்து தெரியும், பேத்திக்குத் தெரியாது. பேத்தி வேலைக்குப் போகும் இடத்தில் பல மாநிலப் பெண்கள்; பொதுமொழி கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். விடுதியில் களி இல்லை. களி போகும்போது கோல் போகும். கோலின் பெயர் போகும். சந்திரிகை போகும்போது, மூங்கில் கணு விலகும் திசைக்கு அந்தப் பாட்டி வைத்திருக்கும் சொல்லும் போகும்.

ஆகவே சில ஆண்டுகளாக முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். அடுப்படி, வயல், மாட்டுக்கொட்டகை, கைத்தொழில் இவற்றிலிருந்து ஐம்பது சொற்கள். வீட்டில் எந்த மொழியில் வழங்குகிறதோ அந்த மொழியில், தமிழெழுத்தில் எழுத வேண்டும். சொன்னவரின் வயது, ஊர். பொருள் தமிழில். முதல் ஆண்டே அந்தத் தளி மாணவி கையைத் தூக்கி, "தெலுங்குச் சொல் எழுதினா மார்க் குறையுமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிக்கத்தக்கதல்ல. பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் வீட்டுச்சொல் விடைத்தாளில் விழுந்தால் சிவப்புக் கோடு என்று பழகியவள் அவள். குறையாது என்றேன். மறுவாரம் நூற்றுப்பத்துச் சொற்களோடு வந்தாள்.

தமிழ்த்துறையில் இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. மொழிக்கலப்பை ஊக்குவிக்கிறேன் என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவருக்கு நான் சொன்ன விடை எளியது. கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதியதும், பரோவும் எமனோவும் 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி கொண்டுவந்ததும் இலக்கியச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அல்ல. எமனோ தோடர், கோத்தர், குடகர் பேச்சுமொழிகளைக் களத்தில் கேட்டு எழுதிக்கொண்டவர். பிதுக்கு, பிதிகின, ஹிதகித மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவிக்குத் தமிழின் மேல் பற்று குறையாது. தமிழ் எந்தக் குடும்பத்துப் பெண் என்று தெரியவரும். அக்கா தங்கைகளோடு பேசுவதால் ஒருத்தி கெட்டுப்போவதில்லை.

2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, பெங்களூர் உணவகங்களில் களியுருண்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஏறியது. நல்லதுதான். கேழ்வரகுக்கு விலை கிடைத்தால் எங்கள் உழவருக்கு மகிழ்ச்சி. ஆனால் மதிய இடைவேளையில் களி கொண்டுவந்த பெட்டியை மூடி பாதி சாத்தியபடி உண்ணும் பிள்ளைகளை இன்னமும் பார்க்கிறேன். உணவு கௌரவம் பெற்றுவிட்டது. உண்பவருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

சொற்பட்டியல்கள் இப்போது துறை அலமாரியில் நான்கு கோப்புகளாக இருக்கின்றன. அடுத்து அவற்றை அகரவரிசைப்படுத்த வேண்டும். தளி மாணவி படிப்பை முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இரவுப் பணி முடிந்து வரும் வாரங்களில், நினைவுக்கு வந்த சொற்களைக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பாட்டியிடம் கேட்டு உறுதி செய்த சொற்களின் எதிரே ஒரு புள்ளி வைப்பாள். சென்ற வாரம் வந்ததில் புள்ளி வைக்காத சொற்கள் ஏழு இருந்தன. பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போனதும் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

இந்தப் பக்கம் வரும் நண்பர்கள் தை மாதத்தில் வரும்படி கேட்டுக்கொள்கிறேன். குளிர் இருக்கும், அவரை இருக்கும். களியை மெல்ல வேண்டாம்.